லேசர் குழாயின் பாதுகாப்பான திறன் அளவு

கார்பன் டை ஆக்சைடு லேசர் குழாய் என்பது அக்ரிலிக், ஒட்டுப்பலகை, தோல், அட்டை ஆகியவற்றை வெட்டும் இயந்திரங்களில் ஒளிக்கற்றையை உண்டாக்கும் கண்ணாடிக் குழாய் ஆகும். இவ்வகை லேசரை 1964 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர், மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்த சி. குமார் என். பட்டேல். இக்குழாய் பயன்பாட்டில் மெல்ல வலுவிழக்கும். அதன் ஆயுள் பெரிதும் அதில் செலுத்தப்படும் மின்னோட்டத்தைப் பொறுத்தது.

செயல்படும் முறை

குழாயினுள் கார்பன் டை ஆக்சைடு, நைட்ரசன், ஈலியம் ஆகிய வளிமங்களின் கலவை குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அதன் வழியே உயர் மின்னழுத்தத்தில் மின்சாரம் பாயும்போது, 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர் வெளிப்படுகிறது. செலுத்தப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடே ஒளியாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாகிக் குளிர்நீரில் சேர்கிறது.

மிகை மின்னோட்டத்தின் விளைவு

மின்னோட்டம் கூடும்போது ஒளித்திறனும் ஓர் எல்லைவரை கூடும். அதைத் தாண்டினால் வளிமம் சூடேறித் திறன் உயராமல் நிற்கும், குறையவும் கூடும். கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் கூடுதலாகச் சிதைகின்றன. மின்முனைகளின் உலோகமும் அரிக்கப்படுகிறது. ஆகவே கடைசிச் சில மில்லி ஆம்பியர்கள் தரும் பயன் சிறிது, இழப்பு பெரிது.

அளவை அமைத்தல்

இயந்திரத்தின் திரையில் தெரியும் விழுக்காடு வாட் அளவைக் குறிப்பதில்லை. 100 விழுக்காடு என்பது மின்வழங்கியின் உச்சம்; அது குழாய் தாங்கும் உச்சத்தைவிட மிகுதியாக இருக்கலாம். எனவே மில்லி ஆம்பியர் மானியைப் பார்த்தே வரம்பை முடிவுசெய்ய வேண்டும். 40 வாட் எனக் குறிக்கப்பட்ட சிறு குழாய்களைப் பலர் 15 மில்லி ஆம்பியருக்குள் இயக்குகின்றனர். மற்ற குழாய்களுக்கு உற்பத்தியாளரின் விவரத்தாள் காட்டும் உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துவது நல்லது. சுற்றில் பல ஆயிரம் வோல்ட் இருப்பதால், மானியைப் பயிற்சி பெற்றவரே பொருத்த வேண்டும்.

தடித்த பொருளை வெட்டத் திறனை ஏற்றுவதற்குப் பதில் வேகத்தைக் குறைக்கலாம். இருமுறை ஓட்டியும் வெட்டலாம்.

குளிர்நீர்

நீரின் வெப்பநிலை பொதுவாக 15 முதல் 25 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். பழவேற்காடு ஏரிக்கரை ஊர்கள் போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோரப் பகுதிகளில் நீரை மிகவும் குளிர்வித்தால் குழாயின் மீது பனித்துளி படியும். கதிர் வெளிவரும் முனையில் படியும் ஈரம் அதனைச் சேதப்படுத்தும்; உயர் மின்னழுத்த முனையில் படிந்தால் மின்கசிவு ஏற்படலாம். அங்கு மிகவும் குளிர்விக்கப்படாத நீரும் குறைந்த மின்னோட்டமும் ஏற்றவை.

தேய்மானத்தின் அறிகுறி

மானி பழைய மின்னோட்டத்தையே காட்டும்போது வெட்டின் ஆழம் குறைந்தால், முதலில் வில்லையின் தூய்மை, குவியத் தொலைவு, ஆடிகளின் நேர்நிலை, நீரின் வெப்பநிலை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இவை சரியாக இருந்தும் ஆழம் மீளாவிடில், குழாயே வலுவிழந்துள்ளது எனக் கொள்ளலாம்.