பவர் டில்லரில் பாரம் ஏற்றும் விவசாயிகள் கவனத்திற்கு

உழவு முடிந்த பின் பவர் டில்லரைக் கொட்டகையில் சும்மா நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. டிரெய்லரைப் பூட்டினால் எரு, நெல் மூட்டை, வைக்கோல் அனைத்தையும் ஏற்றிச் செல்லலாம். நெல்லுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடப் பரிந்துரைக்கப்படுகிறது. நடைக்கு 1 டன் வீதம் ஏற்றினால் 5 நடையில் வேலை முடிந்துவிடும். ஆனால் உழவில் பழகிய கை, பாரத்துடன் சரிவில் இறங்கும்போது தவறு செய்வதுண்டு. அத்தவறு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

சரிவில் திசை மாறும்

சமதளத்தில் இடது ஸ்டியரிங் கிளட்சைப் பிடித்தால் டில்லர் இடப்பக்கம் திரும்பும். இடது சக்கரத்திற்கு எஞ்சின் விசை நின்று, வலது சக்கரம் மட்டும் ஓடுவதே காரணம். ஏரிக்கரை, வாய்க்கால் கரை போன்ற சரிவில் இறங்கும்போது நிலைமை வேறு. அப்போது எஞ்சின் சக்கரங்களை இழுப்பதில்லை, தடுத்துப் பிடிக்கிறது. இடது கிளட்சைப் பிடித்தால் இடது சக்கரம் தடையின்றி முந்தி ஓடும். வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். கரையோரத்தில் இவ்வாறு நேர்ந்தால் டிரெய்லருடன் கவிழ நேரிடும்.

ஆகவே சரிவில் ஸ்டியரிங் கிளட்சைத் தொடாமல், கைப்பிடியைக் கொண்டே மெதுவாகத் திருப்புதல் வேண்டும்.

பின்னாலிருந்து தள்ளும் பாரம்

டிரெய்லரும் சுமையும் சேர்ந்து 1500 கிலோ என்று கொள்வோம். 10 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில், அது ஏறத்தாழ 150 கிலோ விசையுடன் டில்லரை முன்னோக்கித் தள்ளும். எனவே இறங்கத் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாற்றிக்கொள்ளவும். டிரெய்லரின் மிதி பிரேக்கை அளவாக அழுத்தியபடி இறங்கவும். டீசலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் விடுவதோ, மெயின் கிளட்சை எடுத்துவிடுவதோ கூடாது.

ஏற்றும் முறை

சுமையின் பெரும்பகுதி டிரெய்லர் அச்சின் மேலும், சிறிதளவு அதற்கு முன்புறமும் இருக்க வேண்டும். பின்புறம் அதிகமானால் டிரெய்லரின் முன்பகுதி தூக்கி, டில்லர் சக்கரங்களின் பிடிப்புக் குறையும். ஈர எரு காய்ந்த எருவைவிடக் கனமானது. குவியலின் அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. தயாரிப்பாளர் கையேட்டில் குறித்துள்ள எடையைத் தாண்டி ஏற்றாதீர்கள்.

புறப்படும் முன்

1. டில்லரையும் டிரெய்லரையும் இணைக்கும் பின் தேய்ந்துள்ளதா, கழன்றுவிடாமல் பூட்டப்பட்டுள்ளதா எனப் பார்க்கவும்.

2. சமதளத்தில் சிறிது தூரம் ஓட்டிப் பிரேக்கைச் சோதிக்கவும்.

3. டிரெய்லரின் இரு டயர்களிலும் காற்று சமமாக இருக்கட்டும்.

4. சுமையின் மேலோ, இணைப்புக் கம்பியின் மேலோ எவரையும், குறிப்பாகச் சிறுவர்களை, உட்கார வைக்காதீர்கள்.

5. சரிவில் நிறுத்த நேர்ந்தால் சக்கரத்திற்குக் கல் அல்லது கட்டை அண்டை கொடுக்கவும்.

புதிதாக ஓட்டுவோர் முதலில் காலி டிரெய்லருடன் சமதளத்திலும், பின்னர் பாரமின்றிச் சிறு சரிவிலும் பழகிய பிறகே சுமை ஏற்றுவது நலம். இம்முறைகளைக் கடைப்பிடித்தால் வண்டிக் கூலியும் மிச்சம். ஓட்டுபவரும் பத்திரமாக வீடு திரும்புவார்.