என்ஜின் ஓடும்.. டயர் தாங்குமா? செட்டிபாளையம் கார் ரேசில் ஜெயிக்க வைக்கும் ரப்பர் கணக்கு

கோவை:

கார் ரேஸ் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது என்ஜின் சத்தம்தான். எவ்வளவு ஸ்பீடு போகும், எத்தனை குதிரை சக்தி, எந்த கம்பெனி என்ஜின் என்றுதான் பசங்க பேசிக்கொள்வார்கள். ஆனால் ரேஸ் காருக்கு பின்னால் நின்று வேலை பார்க்கும் மெக்கானிக்கை கேட்டால் அவர் கையை காட்டுவது கீழே. நாலு சக்கரத்தில் மாட்டியிருக்கிற கறுப்பு ரப்பரைத்தான்.

காரணம் ரொம்ப சிம்பிள். என்ஜினை ஒரு தடவை வாங்கினால் சர்வீஸ் பண்ணி பண்ணி ஓட்டலாம். டயர் அப்படி இல்லை. ஒவ்வொரு போட்டிக்கும் தேயும். ஒவ்வொரு போட்டிக்கும் காசு கேட்கும். நடுத்தர குடும்பத்து பையன் ஒருத்தன் ரேசில் நிலைத்து நிற்பானா, பாதியில் வீட்டுக்கு போவானா என்பதில் டயர் செலவுக்கு பெரிய பங்கு உண்டு.

அது எப்படி? நம்ம ஊர் டிராக்கை வைத்தே பார்ப்போம்.

சின்ன டிராக்.. பெரிய தேய்மானம்

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ம் ஆண்டு திறக்கப்பட்டது. நம்ம ஊரில் குறைந்த செலவில் ரேஸ் கார் கட்டிக் காட்டிய எஸ்.கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்து போனார். அவர் பெயரைத்தான் டிராக்குக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்த டிராக்கின் நீளம் சுமார் 2.1 கி.மீ. சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள டிராக் சுமார் 3.7 கி.மீ. அதோடு பார்த்தால் நம்ம டிராக் சின்னதுதான்.

சின்ன டிராக் என்றால் டயருக்கு வேலை கம்மி என்று நினைப்பீர்கள். கதையே வேறு. நேர் ரோட்டில் போகும்போது டயருக்கு பெரிய கஷ்டம் இல்லை. காற்று பட்டு கொஞ்சம் சூடு ஆறும். டயரை சாகடிப்பது மூன்று விஷயம். திடீர் பிரேக், வளைவு, வளைவில் இருந்து வெளியே வரும்போது அமுக்குகிற ஆக்சிலரேட்டர். சின்ன டிராக்கில் நேர் ரோடு கம்மி. ஒரு வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். டயருக்கு ஓய்வே கிடைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. நாலு டயரும் ஒரே மாதிரி தேயாது. கார் வலது பக்கம் திரும்பினால் எடை முழுக்க இடது பக்கம் சாயும். டவுன் பஸ் வேகமாக திரும்பும்போது நாம் எதிர்ப்பக்கம் சாய்கிறோம் இல்லையா, அதே கதைதான். ஒரு டிராக்கில் வலது வளைவு அதிகம் என்றால் இடது டயர் சீக்கிரம் காலி. மற்ற மூன்றும் நன்றாக இருந்தாலும் அந்த ஒரு டயரால் ரேஸ் போய்விடும்.

கிலோமீட்டருக்கு எவ்வளவு?

ஒரு கணக்கு போட்டு பார்க்கலாம். இது புரிவதற்காக நாமே வைத்துக்கொள்கிற ரேட். டயருக்கு டயர் மாறும்.

வீட்டு காருக்கு நாலு டயர் 16 ஆயிரம் ரூபாய் என்று வையுங்கள். 40 ஆயிரம் கி.மீ. ஓடும். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு டயர் செலவு 40 காசு.

ரேஸ் டயர் ஒன்று 10 ஆயிரம் ரூபாய் என்று வையுங்கள். நாலுக்கு 40 ஆயிரம். சனிக்கிழமை பிராக்டீஸ், தகுதிச்சுற்று, ஞாயிற்றுக்கிழமை போட்டி எல்லாம் சேர்த்து 50 சுற்று ஓடினால் 105 கி.மீ. ஏறக்குறைய கோவையில் இருந்து ஈரோடு போகிற தூரம். அவ்வளவுதான். அதற்குள் டயரின் நல்ல காலம் முடிந்துவிட்டால் கிலோமீட்டருக்கு 380 ரூபாய் ஆகிறது!

40 காசு எங்கே, 380 ரூபாய் எங்கே?

பணம் உள்ளவனுக்கு புது டயர்

சரி, ஒரே செட்டை வைத்து ஓட்டினால் என்ன? ஓட்டலாம். ஆனால் ஜெயிப்பது கஷ்டம்.

ரேஸ் டயர் புதிதாக இருக்கும்போது முதல் சில சுற்றில்தான் ரோட்டை நன்றாக கவ்வும். அதற்கு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக பிடி குறையும். புது டயர் போட்டவன் ஒரு சுற்றுக்கு அரை வினாடி வேகமாக வருகிறான் என்று வைத்தாலே 10 சுற்றில் 5 வினாடி. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 5 வினாடி என்பது கிட்டத்தட்ட 140 மீட்டர். பின்னால் வருகிறவனுக்கு முன்னால் போகிற கார் கண்ணில் படுவதே கஷ்டம்.

கட்டுப்பாடே இல்லை என்றால் என்ன ஆகும்? ஒரு சீசனுக்கு 4 சுற்று போட்டி என்று வையுங்கள். சுற்றுக்கு ஒரு செட் வாங்குகிறவனுக்கு டயர் செலவு 1 லட்சத்து 60 ஆயிரம். சுற்றுக்கு 3 செட் வாங்குகிறவனுக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். ஓட்டுகிற திறமையில் ரெண்டு பேரும் சமம். ஆனால் கோப்பை யாருக்கு போகும் என்பது டயர் கடை பில்லிலேயே தெரிந்துவிடும்.

ரெண்டு மூன்று சீசன் இப்படி போனால் காசு இல்லாதவன் விலகிக்கொள்வான். டிராக்கில் கார் எண்ணிக்கை குறையும். ஏழு, எட்டு கார் ஓடுகிற ரேசை பார்க்க யார் வருவார்கள்? ஊர் ரேஸ் செத்துப்போவது இப்படித்தான்.

ஒரே கம்பெனி.. எண்ணிக்கையும் கட்டுப்பாடு

இதற்குத்தான் உலகம் முழுக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். போட்டியில் எல்லோருக்கும் ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி டயர். ஒரு போட்டிக்கு இத்தனை டயர்தான் என்று எண்ணிக்கை. டயரில் நம்பரோ, முத்திரையோ இருக்கும். சோதிக்கும்போது வேறு டயர் மாட்டியிருந்தால் தண்டனை.

நம்ம நாட்டில் ஜே.கே. டயர் பெயரில் நடக்கிற தேசிய சாம்பியன்ஷிப்பின் பல சுற்றுகள் செட்டிபாளையத்தில் நடந்திருக்கின்றன. கோவை எல்.ஜி.பி. கம்பெனி பெயரில் ஓடும் பார்முலா எல்.ஜி.பி. கார்களும் இதில் உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே மாதிரி டயர் என்பதுதான் இந்த மாதிரி போட்டியின் அடிப்படை.

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் அரை மைல், கால் மைல் நீளத்தில் வட்டமான சின்ன டிராக்குகள் இருக்கின்றன. வார கடைசியில் அங்கே ஓட்டுகிறவர்களில் பலர் மற்ற நாளில் ஒர்க்ஷாப்பில், பேக்டரியில் வேலை பார்க்கிறவர்கள். அங்கேயும் இதே தலைவலிதான். எப்போதும் இடது பக்கமே திரும்புவதால் வலது பக்க டயர் போட்டு வாங்கும். அங்கேயும் பல டிராக்குகளில் "இந்த டயர் மட்டும்தான்" என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். 2021, 2022-ல் அங்கே ரேஸ் டயர் தட்டுப்பாடு வந்தபோது, ஆளுக்கு இத்தனைதான் என்று ரேஷன் மாதிரி கொடுத்த இடங்களும் உண்டு.

அங்கே இன்னொரு தில்லுமுல்லும் நடக்கும். டயரில் ரசாயனம் தடவி ஊறவைத்து ரப்பரை மெத்தென்று ஆக்கிவிடுவார்கள். பிடி கூடும். இதை தடை செய்து, சந்தேகம் வந்தால் டயரில் ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்புகிறார்கள்.

மெத்தென்று இருந்தால் பிடிக்கும்.. சீக்கிரம் போகும்

அது என்ன மெத்து ரப்பர், கெட்டி ரப்பர்? பள்ளிக்கூட அழிரப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். மெத்தென்ற ரப்பர் நன்றாக அழிக்கும், சீக்கிரம் கரையும். கெட்டி ரப்பர் ரொம்ப நாள் வரும், ஆனால் சரியாக அழிக்காது. டயரும் அப்படியே. பிடியும் ஆயுளும் தராசின் ரெண்டு தட்டு மாதிரி.

ஊர் ரேசுக்கு கொஞ்சம் கெட்டியான டயர்தான் நல்லது. எல்லோருக்கும் அதே டயர் என்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு வினாடி மெதுவாக போவார்கள், அவ்வளவுதான். பார்க்கிற நமக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் செலவு குறையும்.

டயருக்கு இன்னொரு எதிரி சூடு. ரேசில் சூடாகி, நிறுத்தியதும் ஆறி, மறுபடி சூடாகி.. இப்படி ஒவ்வொரு தடவையும் ரப்பர் இறுகும். பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருக்கும். தொட்டால் கல் மாதிரி இருக்கும். இதை "பிராக்டீஸ் டயர்" என்று ஒதுக்கி வைப்பார்கள். புதிதாக வரும் பையன்கள் பெரிய டீம்களிடம் இந்த பழைய டயரை வாங்கி ஓட்டி பழகுவதும் உண்டு.

காற்றிலும் விஷயம் இருக்கிறது. டயர் சூடானால் உள்ளே காற்று விரியும். பிரஷர் ஏறும். அதனால் தொடங்கும்போதே சில பவுண்டு குறைத்து வைப்பார்கள். கூடுதலாக வைத்தால் டயரின் நடுப்பகுதி தேயும். ரொம்ப குறைத்தால் ரெண்டு ஓரமும் தேயும். பஞ்சர் கடை அண்ணன் நம்ம வண்டிக்கு சொல்கிற அதே பாடம்தான்.

ஓட்டுகிறவன் கையிலும் டயர் ஆயுள் இருக்கிறது. சக்கரம் சுற்றாமல் நிற்கிற அளவுக்கு பிரேக்கை மிதித்தால் டயர் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும். அதற்கு பிறகு கார் தடதட என்று அடிக்கும். புது டயராக இருந்தாலும் ஒரே மிதியில் குப்பைக்கு போகும். வளைவில் காரை சறுக்கி ஓட்டினால் ஜனங்கள் கைதட்டுவார்கள். டயர் அழும்.

மழை வந்தால் செலவு மேல் செலவு. மொட்டை டயர் ஈரத்தில் நிற்காது. தண்ணீரை வெளியே தள்ள பட்டன் வெட்டிய டயர் வேண்டும். நம்ம பக்கம் சாரல் எப்போது அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. மழை பெய்யாவிட்டாலும் அந்த செட் கையில் இருக்க வேண்டும்.

டயரால் வந்த 5 பாயிண்ட்

டயர் தாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணத்தில் நம்ம கோவைக்காரர் ஒருவர் இருக்கிறார். நரேன் கார்த்திகேயன்! கரிவரதன் மாருதி 800 என்ஜினை வைத்து உருவாக்கிய பார்முலா மாருதி காரில் ஆரம்பித்து, 2005-ல் பார்முலா 1 போட்டிக்கு போன முதல் இந்தியர்.

அந்த ஆண்டு பார்முலா 1-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். தகுதிச்சுற்று, போட்டி ரெண்டுக்கும் ஒரே செட் டயர்தான். பஞ்சர், சேதம் போன்ற காரணம் இல்லாமல் நடுவில் மாற்றக்கூடாது.

2005 ஜூன் 19-ந்தேதி அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் டிராக்கில் போட்டி. அங்கே சரிவாக சாய்ந்த அதிவேக வளைவு ஒன்று உண்டு. பிராக்டீசில் அங்கே மிச்செலின் டயர் தாங்கவில்லை. ரால்ப் சூமாக்கரின் கார் சுவரில் மோதியது. 10 சுற்றுக்கு மேல் தாங்கும் என்று எங்களால் உத்தரவாதம் தர முடியாது என்று கம்பெனியே சொல்லிவிட்டது. ஓட வேண்டியதோ 73 சுற்று.

போட்டி அன்று அணிவகுப்பு சுற்று முடிந்ததும் மிச்செலின் டயர் போட்ட 14 கார்களும் நேராக ஷெட்டுக்குள் போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட வெறும் 6 கார் மட்டும் ஓடியது. மைக்கேல் சூமாக்கர் முதலிடம். ஜோர்டான் டீமுக்கு ஓட்டிய நரேன் 4-வது இடம் பிடித்து 5 பாயிண்ட் வாங்கினார். பார்முலா 1-ல் பாயிண்ட் வாங்கிய ஒரே இந்தியர் இன்று வரை அவர்தான்.

டிக்கெட் வாங்கி வந்த ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த ஆண்டே டயர் மாற்ற மறுபடி அனுமதி கொடுத்தார்கள். 2007-ல் இருந்து பார்முலா 1-லும் எல்லா காருக்கும் ஒரே கம்பெனி டயர் என்று ஆகிவிட்டது.

இதில் பாடம் ரெண்டு பக்கமும் இருக்கிறது. டயரை குறைத்தால் மட்டும் போதாது. குறைத்த டயர் அந்த டிராக்கை தாங்க வேண்டும். தாங்காவிட்டால் காசு மட்டும் அல்ல, உயிரே போகும்.

அடுத்த நரேன் வர வேண்டுமானால்

நம்ம ஊரில் லேத் பட்டறை, ஒர்க்ஷாப் இல்லாத தெரு கம்மி. வண்டியை கழற்றி மாட்ட தெரிந்த பசங்களுக்கு பஞ்சமே இல்லை. என்ஜினை அவர்கள் கையாலேயே சரி செய்துகொள்வார்கள். ஆனால் டயரை பட்டறையில் செய்ய முடியாது. காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த இடத்தில் செலவை கட்டிப்போட்டால்தான் திறமை உள்ள பையன் டிராக்கில் தாக்குப்பிடிப்பான். நீண்ட நாள் உழைக்கிற டயர், எல்லோருக்கும் ஒரே டயர், எண்ணி கொடுக்கிற டயர். இந்த மூன்றும் ஊர் ரேசுக்கு உயிர்நாடி.

கடைசியாக நம்ம வண்டிக்கும் ஒரு வார்த்தை. ரேஸ் டயர் மொட்டையாக இருக்கிறதே, நம்ம டயர் மொட்டையானால் என்ன என்று சில பசங்க கேட்கிறார்கள். ரெண்டும் ஒன்று அல்ல. ரேஸ் டயரின் ரப்பரே வேறு. காய்ந்த டிராக்குக்கு என்றே செய்தது. உங்கள் டயர் பட்டன் தேய்ந்து மொட்டையானது. மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது. காருக்கு பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு கீழே போகக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. டயர் பள்ளத்துக்குள் சின்ன மேடு மாதிரி ஒரு அடையாளம் இருக்கும். ரப்பர் அதுவரை தேய்ந்துவிட்டால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

ரேசில் டயர் போனால் கோப்பை போகும். ரோட்டில் டயர் போனால்.. வீட்டில் காத்திருக்கிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.