பொங்கல் வாழ்த்துக்கு ஓர் அழிரப்பர் போதும்

கைவினைப் பொருள்கள் விற்கும் கடைக்குப் போய், தமிழில் 'பொங்கல் வாழ்த்து' என்று இருக்கும் அச்சு ஒன்று வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பனி மூடிய பைன் மரம், கலைமான், பலூன் பிடித்த கரடிக்குட்டி, ஆங்கிலத்தில் பிறந்தநாள் வாழ்த்து என்று வரிசையாக எடுத்து வைப்பார்கள். கரும்பு இருக்காது, பானை இருக்காது. தமிழ் எழுத்து கிடைப்பது அபூர்வம். அட்டையில் அச்சு பதித்து, தாள்மேல் தாள் அடுக்கி வாழ்த்து செய்யும் கலை நம் ஊரில் நன்றாகவே பரவிவிட்டது. கோடை விடுமுறை வகுப்புகளில் கற்றுத் தருகிறார்கள், யூடியூபில் தமிழிலேயே சொல்லித் தருகிறார்கள். படம் மட்டும் இன்னும் வெளியூர்ப் படமாகவே இருக்கிறது. இதை மாற்றப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பென்சில் அழிக்கிற ரப்பர், கூரான ஒரு கத்தி, ஒரு ஸ்டாம்ப் பேட், இவ்வளவு இருந்தால் நம் வாழ்த்தை நாமே செதுக்கிக்கொள்ளலாம்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மார்கழி பாதி போவதற்குள் கடைத்தெருவில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டுவிடுவார்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி, அண்ணா, முருகன், லட்சுமி, ஏர் பிடித்த உழவர், கரும்போடு சிரிக்கும் குழந்தை எல்லாரும் ஒரே கயிற்றில் ஆடிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் சிவகாசி அச்சு. பொங்கலைத் தமிழர் திருநாள் என்று முன்னிறுத்திய திராவிட இயக்கத்துக்கும் இந்தப் பழக்கம் ஊன்றியதில் பங்கு உண்டு. செல்பேசி வந்தபின் அந்தக் கயிறுகள் கடைத்தெருவிலிருந்து போய்விட்டன. இப்போது பொங்கலன்று காலையில் ஒரே படம் ஐந்து பேரிடமிருந்து வருகிறது. அனுப்பியவர் நம்மை நினைத்து அனுப்பினாரா, பட்டியலில் இருந்த எல்லாருக்கும் போனதில் நமக்கும் ஒன்று வந்ததா என்று தெரிவதில்லை.

வாழ்த்து அட்டை தபாலோடு சேர்ந்து வளர்ந்த பொருள். 1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அந்தத் திட்டத்துக்கு உழைத்தவர்களில் ஒருவரான ஹென்றி கோல், 1843-ல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் சொல்லி ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வரையச் செய்தார். ஏறக்குறைய ஆயிரம் பிரதிகள் கல்லச்சில் அடித்து, கையால் வண்ணம் தீட்டி, ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார்கள். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

தாள்மேல் தாள் அடுக்கும் வேலைக்கு வேறொருவரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊர். அங்கே எழுதுபொருள் கடைக்காரர் ஒருவரின் மகள் எஸ்தர் ஹௌலண்ட், 1828-ல் பிறந்தவர். இருபது வயதை ஒட்டிய பருவத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு காதலர் தின அட்டை அவர் கைக்குக் கிடைத்தது. இதைவிட நன்றாக நாமே செய்யலாம் என்று சில மாதிரிகளைச் செய்தார். அவற்றைத் தம் விற்பனைப் பயணத்தில் எடுத்துப்போன சகோதரர், 200 டாலருக்கு ஆர்டர் கிடைத்தாலே பெரிது என்று எதிர்பார்த்த இடத்தில், 5,000 டாலருக்கு மேல் ஆர்டரோடு திரும்பினார் என்று அவருடைய வரலாற்றைச் சொல்பவர்கள் எழுதுகிறார்கள். எஸ்தர் தோழிகளைக் கூட்டி வேலையைப் பிரித்துக் கொடுத்தார். ஒருவர் வெட்டினார், ஒருவர் ஒட்டினார், ஒருவர் அடுத்த அடுக்கை வைத்தார். வெள்ளைச் சரிகைத்தாளுக்கு அடியில் வண்ணத்தாள் வைத்து வேலைப்பாட்டை எடுப்பாகக் காட்டுவது அவர் புகுத்திய உத்தி. இன்றைக்கும் அடுக்கு அட்டையில் நாம் செய்வது அதுதான். மேலே இருப்பது தெரிய வேண்டுமானால் அடியில் இருப்பது வேறு நிறமாக இருக்க வேண்டும்.

இனி நம் வேலைக்கு வருவோம்.

ரப்பரில் தூள் உதிராத வெள்ளை வகையாகப் பார்த்து வாங்குங்கள். அது வெண்ணெய் போல வெட்டுப்படும். எழுத வேண்டியதை மெல்லிய டிரேசிங் தாளில் 4பி போன்ற மென்மையான பென்சிலால் அழுத்தி எழுதி, எழுதிய பக்கத்தை ரப்பர்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் எழுத்து இடவலம் மாறி ரப்பரில் இறங்கிவிடும். பதிக்கும்போது மறுபடி மாறி நேராக வரும். கண்ணாடியில் பார்த்து எழுதும் சிரமமெல்லாம் வேண்டாம்.

கத்தியைப் பிடிக்கும் கோணத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது. முனையை எழுத்தின் ஓரத்தில் வைத்து, வெளிப்பக்கமாகச் சரிவு விழும்படி வெட்ட வேண்டும். அப்போது ஒவ்வொரு எழுத்தும் அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் நிற்கும். உள்பக்கமாகச் சாய்த்து வெட்டினால் எழுத்தின் கால் மெலிந்து, நாலு முறை பதிப்பதற்குள் மடங்கிவிடும். வளைவு வரும் இடத்தில் கத்தியைத் திருப்பாதீர்கள், ரப்பரைத் திருப்புங்கள். 'பொங்கல்' என்ற சொல்லில் மற்ற எழுத்துகள் எளிதாக வந்துவிடும். 'ங'தான் சோதிக்கும், அதன் உள்மடிப்புக்கு இடம் விட்டுச் சற்றுப் பெரிதாக வரைந்துகொள்ளுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியை ரப்பரில் தனித்தீவாக விட்டால் பிய்ந்துபோகும். எனவே புள்ளி இல்லாமலே செதுக்கிவிட்டு, பென்சில் பின்பக்கத்தில் இருக்கும் குட்டி ரப்பரை மையில் தொட்டுப் பிறகு வைத்துவிடுங்கள். அதே குட்டி ரப்பரால் அட்டையின் ஓரம் முழுக்கக் கோலப்புள்ளியும் வைக்கலாம். சீராக, ஒரே அளவில் வரும்.

அலுவலகத்து ஊதா ஸ்டாம்ப் பேடை இதற்கு எடுக்க வேண்டாம். அந்த மை மென்தாளில் கசியும், வெயில் பட்டால் வெளிறும். கைவினைக் கடைகளில் இரண்டு வகை மை கிடைக்கும். சாயமை தாளுக்குள் இறங்கிச் சீக்கிரம் காயும். நிறமி மை தாளின்மேல் தங்கி மெதுவாகக் காயும், ஆனால் இருண்ட தாளிலும் பளிச்சென்று தெரியும். நமக்கு இது முக்கியம். செம்மண் நிற அட்டையில் வெள்ளை நிறமி மையால் ஒரு கோலத்தைப் பதித்துப் பாருங்கள், காவி பூசிய வாசலில் மாக்கோலம் போட்டது மாதிரி இருக்கும். வெள்ளைச் சாயமையால் இது நடக்காது.

மை ஒற்றுவதற்கும் முறை உண்டு. அச்சை மல்லாக்க வைத்து, பேடை அதன்மேல் தட்டித் தட்டி எடுங்கள். அச்சைப் பேடில் போட்டு அழுத்தினால் பள்ளங்களிலும் மை ஏறி அசிங்கமாகப் பதியும். தாளுக்கு அடியில் இரண்டு மடிப்புச் செய்தித்தாள் இருக்கட்டும். நேராக வைத்து, ஆட்டாமல் அழுத்தி, நேராகத் தூக்குங்கள். மறுபடி மை ஒற்றாமல் இரண்டாம் முறை பதித்தால் வெளிறி விழும். அதையும் வீணாக்க வேண்டாம். முன்னால் இருக்கும் கரும்பு அழுத்தமாகவும் பின்னால் இருப்பது மங்கலாகவும் விழுந்தால் தோட்டத்துக்கு ஆழம் வந்துவிடும்.

பானைக்குப் பின்னால் கரும்பு நிற்க வேண்டும், ஆனால் பானையின்மேல் கோடு விழக் கூடாது. அதற்கு வழி: முதலில் பானையைப் பதியுங்கள். ஒட்டும் குறிப்புத்தாளில், பசை இருக்கும் பகுதியில், அதே பானையை இன்னொரு முறை பதித்து வெட்டி எடுங்கள். அதை அட்டையில் உள்ள பானைமேல் ஒட்டி மறைத்துவிட்டு, இரண்டு பக்கமும் கரும்பைப் பதியுங்கள். தாளை உரித்தால் கரும்பு பானைக்குப் பின்னாலிருந்து எழுந்து நிற்கும். குழந்தைகளுக்கு இதைச் செய்து காட்டினால் மறுபடி மறுபடி செய்யச் சொல்வார்கள்.

பொங்கி வழியும் நுரையை எழும்பச் செய்யலாம். நிறமி மையில் நுரையைப் பதித்து, ஈரம் காய்வதற்குள் வெள்ளை எம்பாஸிங் பவுடரைத் தூவித் தட்டிவிட்டுச் சூடு காட்டினால் பவுடர் உருகிப் பளபளவென்று மேடாக நிற்கும். தலைமுடி உலர்த்தும் கருவி இதற்கு உதவாது. அதில் சூடு போதாது, காற்றோ பவுடரை ஊதித் தள்ளிவிடும். ஹீட் கன் இல்லாத வீட்டில் பெரியவர்கள் இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து, அதற்கு மேலே தாளின் அடிப்பக்கம் சூடு படும்படி காட்டலாம். பவுடர் வேண்டாத இடத்தில் ஒட்டாமல் இருக்க, பதிக்கும் முன்பே தாளில் முகப்பவுடரை லேசாகத் தடவித் துடைத்துவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் கையில் கத்தி கொடுக்க முடியாது. அவர்களுக்கு வெண்டைக்காய் இருக்கிறது. குறுக்கே வெட்டினால் இதழ் விரித்த பூ. கொழகொழப்பைத் துணியில் ஒற்றிச் சற்றுக் காயவிட்டு, போஸ்டர் கலரில் தொட்டுப் பதிக்கலாம். வெங்காயத்தைப் பாதியாக வெட்டினால் வளையங்கள், வாழை மட்டையை வெட்டினால் கட்டம் கட்டமாக அறைகள். நம் பள்ளிக்கூடங்களில் பல தலைமுறையாக இது நடக்கிறது. விலை கொடுத்து வாங்கிய எந்த அச்சுக்கும் அந்த வெண்டைப் பூ குறைந்ததில்லை என்பது என் கருத்து.

அடுக்குவதற்கு அளவுதான் உயிர். ஏ5 அளவுத் தடித்த அட்டையை, 250 முதல் 300 ஜி.எஸ்.எம். வரை இருக்கலாம், நடுவில் மடித்தால் 10.5 செ.மீ.-க்கு 14.8 செ.மீ. அட்டை கிடைக்கும். மடிக்கும் இடத்தில் ஸ்கேல் வைத்து, ரீஃபில் தீர்ந்த பேனாவால் ஒரு கோடு அழுத்திவிட்டு மடித்தால் வெடிப்பு இல்லாமல் மடங்கும். அதன்மேல் வரும் முதல் தாள் நான்கு பக்கமும் 3 மி.மீ. உள்வாங்கட்டும், அதாவது 9.9-க்கு 14.2. இரண்டாம் தாள் 9.3-க்கு 13.6. இந்த மெல்லிய கரைதான் அட்டைக்குப் புடவைக் கரை மாதிரி ஒரு முடிவைத் தரும். அளவு கண்மட்டத்தில் விட்டால் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து, செய்த வேலையெல்லாம் கெட்டுப்போகும்.

அடுக்குத் தாளுக்குக் கடைக்கு ஓட வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருக்கும். மஞ்சள், குங்குமச் சிவப்பு, தங்கப்பூச்சு, எல்லாம் நல்ல தடித்த அட்டைகள். எழுத்தில்லாத பின்பக்கத்தை வெட்டி எடுங்கள். நல்ல கைத்தாள் வேண்டுமானால் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதக் கூடத் தாள்கள் இருக்கின்றன. பருத்தித் துணிக் கழிவிலிருந்து வருபவை. ஓரம் பிசிறாக இருப்பதை வெட்டிவிடாமல் அப்படியே வைத்தால் அழகு. ஆனால் சொரசொரப்பான தாளில் நுண்ணிய எழுத்து சரியாகப் பதியாது. அதை அடித்தாளாக வைத்து, எழுத்தை வழவழப்பான தாளில் பதித்து ஒட்டுங்கள்.

இருபக்கம் ஒட்டும் ஃபோம் டேப் சுவரில் கொக்கி ஒட்ட வைத்திருப்பீர்கள். அதையே சிறு துண்டுகளாக வெட்டி, பானையை மட்டும் ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ உயர்த்துங்கள். பானை, கரும்பு, சூரியன், எழுத்து எல்லாவற்றையும் உயர்த்தினால் எதுவுமே உயர்ந்து தெரியாது. ஜிகினாவுக்கும் இதே பேச்சுதான். ஓர் அட்டையில் ஓர் இடம் மின்னினால் போதும்.

உயர்த்தாமல் இருக்க இன்னொரு காரணம், தபால். உள்நாட்டுக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய். ஏ4 அளவு 300 ஜி.எஸ்.எம். அட்டை ஒன்றே ஏறக்குறைய 19 கிராம் எடை. அதை மடித்துப் பெரிய வாழ்த்தாகச் செய்தால், உறையோடு சேர்ந்து அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். நான் மேலே சொன்ன சிறிய அட்டை 9 கிராம்தான். இரண்டு அடுக்கும் உறையும் சேர்த்தாலும் பெரும்பாலும் 20-க்குள் அடங்கும். மேடான பகுதியின்மேல் அழுத்தம் நேராக விழாமல் இருக்க, உறைக்குள் ஒரு மெல்லிய அட்டையைத் துணையாக வையுங்கள். எடை ஏறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் தபால் நிலையத்தில் நிறுத்துப் பார்த்து ஒட்டுங்கள். குறைவாக ஒட்டினால் பெறுபவர் பணம் கட்ட நேரும். வாழ்த்து அப்படிப் போய்ச் சேர வேண்டாம்.

உள்ளே என்ன எழுதுவது? அச்சுப் பதித்த வாழ்த்தோடு நிறுத்திவிடாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உங்கள் கையெழுத்தில் நாலு வரி. சித்தப்பாவுக்கு எழுதினால் அவர் தோட்டத்து மாமரம் பற்றி, பழைய ஆசிரியருக்கு எழுதினால் அவர் நடத்திய பாடம் பற்றி.

கைவினைப் பொருள் விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோலம், கரும்பு, மாட்டுக்கொம்பு, தெளிவான தமிழ் எழுத்து, இவற்றை அச்சாகச் செய்து கடையில் வையுங்கள். வாங்க ஆள் இருக்கிறார்கள். அதுவரை நாம் ரப்பரில் செதுக்கிக்கொள்வோம். வரும் பொங்கலுக்கு ஒரே ஒருவருக்காவது ஓர் அட்டை செய்யுங்கள். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டோடு முகவரியைத் தெளிவாக எழுதி, ஜனவரி முதல் வாரத்திலேயே பெட்டியில் போட்டுவிடுங்கள். போகிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.