ஓய்வுபெற்ற விமானங்களைத் தனியார் வாங்கி வைத்திருத்தல்

பறக்கும் பணியிலிருந்து விலக்கப்பட்ட விமானத்தை ஒரு தனிமனிதர் விலைக்கு வாங்கித் தன் வீட்டிலோ நிலத்திலோ வைத்துப் பேணுவது ஒருவகைச் சேகரிப்பு ஆகும். பழைய கார், நாணயம், கடிகாரம் சேர்ப்பவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் மிகச் சிலரே. இடமும் பணமும் மட்டும் இதற்குக் காரணமல்ல. வாங்குவதைவிட வீடு கொண்டுவந்து சேர்ப்பதும், சேர்த்ததைக் காப்பதும்தான் கடினம்.

இத்துறையில் உலகறிந்த பெயர் பிரான்சின் மிஷேல் பான். திராட்சை மது உற்பத்தியாளரான இவர், பர்கண்டிப் பகுதியில் உள்ள சவிஞி-லே-போன் கோட்டை மாளிகையை 1979இல் வாங்கினார். அதன் தோட்டத்தில் ஏறத்தாழ நூறு போர் விமானங்களைத் திறந்த வெளியில் நிறுத்தினார். மிராஜ், மிஸ்டேர், மிக் என வரிசையாக நிற்கும் அவற்றில் எதுவும் பறப்பதில்லை. மிஸ்டேர், மிக்-21 ஆகிய இரு வகைகளும் இந்திய விமானப்படையிலும் பணியாற்றியவை.

இந்தியாவில் கதை வேறு திசையில் சென்றது. இங்கிருந்த அரிய விமானங்களை வாங்கியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களே.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நேச நாட்டுப் படைகள் பல லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் விட்டுச் சென்றன. மீண்டும் பறக்கக் கூடாது என்று அவற்றைச் சேதப்படுத்தியே விட்டிருந்தனர். பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் அவற்றிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைச் செப்பனிட்டனர். 1948 முதல் 1968 வரை அவை இந்திய விமானப்படையில் பறந்தன. உலகின் பிற நாடுகளில் லிபரேட்டர்கள் உருக்காலைக்குப் போய்விட்ட நிலையில், இன்று அருங்காட்சியகங்களில் நிற்பவற்றில் பல இந்தியாவிலிருந்து போனவை. அவற்றில் ஒன்றைப் பிரிட்டனின் டக் ஆர்னால்டு வாங்கினார். அவரிடமிருந்து 1984இல் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளைக்குச் சென்ற அந்த விமானம், பல ஆண்டுச் சீரமைப்புக்குப் பின் 1989இல் மறுபடியும் வானேறியது.

ஸ்பிட்ஃபயர், டெம்பெஸ்ட் விமானங்களுக்கும் இதே கதிதான். 1950களில் பணி முடிந்தபின் அவற்றில் சில, எதிரியின் கண்ணை ஏமாற்றும் போலி இலக்குகளாக ஓடுதள ஓரங்களில் நிறுத்தப்பட்டன. மழையிலும் வெயிலிலும் கிடந்த அவற்றைத் தேடி 1970களில் ஆர்மண்ட் ஹேடன்-பெய்லி என்ற விமானி இந்தியா வந்து பலவற்றை வாங்கினார். 1977 ஜூலையில் ஜெர்மனியில் மஸ்டாங் விமானம் விழுந்து அவர் இறந்துபோனார். அவர் மீட்ட சில விமானங்கள் பிற்பாடு ஐரோப்பாவில் பறந்தன. இங்கே தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு வகைக்கும் ஓரிரு எடுத்துக்காட்டுகளே எஞ்சியுள்ளன.

விற்றதைக் குறைசொல்வது எளிது. ஆனால் அன்று அவற்றைப் பழைய இரும்பு விலைக்கு மேல் மதித்தவர் உள்நாட்டில் இல்லை என்பதும் உண்மை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் பொதுவாக நூறாண்டு பழமையான பொருள்களையே தொல்பொருளாகக் கொள்கிறது. முப்பது வயது விமானம் அந்தக் கணக்கில் வராது.

எதிர்த்திசையில் நடந்த ஒரு நிகழ்வும் உண்டு. அப்போதைய மாநிலங்களவை உறுப்பினர் ராஜீவ் சந்திரசேகர் ஒரு டக்கோட்டா விமானத்தை வாங்கி, பிரிட்டனில் செப்பனிடச் செய்து விமானப்படைக்குப் பரிசளித்தார். அவருடைய தந்தை எம்.கே. சந்திரசேகர் விமானப்படையில் டக்கோட்டா ஓட்டியவர். 2018 ஏப்ரல் 17 அன்று கோவென்ட்ரியிலிருந்து புறப்பட்டுப் பல நாடுகளைக் கடந்து தானே பறந்து வந்த அது, மே 4 அன்று ஹிண்டன் தளத்தில் படையில் சேர்க்கப்பட்டது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குச் சீக்கியப் படைப்பிரிவு வீரர்களைக் கொண்டுசென்ற டக்கோட்டாவின் நினைவாக வி.பி. 905 என்ற எண்ணும், பரசுராமா என்ற பெயரும் அதற்குத் தரப்பட்டன.

வீடு கொண்டுவருதல்

ஓய்வுபெற்ற பயணிகள் விமானத்தின் பதிவு நீக்கப்பட்ட பிறகு அது சட்டப்படி ஒரு பெரிய சரக்கு மட்டுமே. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகச் செஞ்சி அருகேயுள்ள வல்லத்துக்கு ஓர் ஏர்பஸ் ஏ320ஐக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். அதன் நீளம் 37.57 மீட்டர். இறக்கைகளின் விரிவு சுமார் 34 மீட்டர். ஆகவே இறக்கைகளையும் வாலையும் கழற்றியாக வேண்டும். எஞ்சும் உடற்பகுதியே ஏறக்குறைய 4 மீட்டர் அகலமும் அதைவிடச் சற்றுக் கூடுதல் உயரமும் கொண்டது. டிரெய்லரின் உயரத்தையும் கூட்டினால் 5 மீட்டரைத் தாண்டும். சுரங்கப்பாதை, மின்கம்பி, ஊர் நுழைவளைவு என்று வழியில் உள்ள ஒவ்வொன்றையும் முன்கூட்டியே அளக்க வேண்டும்.

அளக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2019 டிசம்பரில் மேற்கு வங்கத் துர்காபூரில் ஒரு பழைய அஞ்சல் விமானம் பாலத்தடியில் சிக்கியது. 2022 நவம்பரில், உணவகமாக மாற்றுவதற்காகத் கேரளத்திலிருந்து ஐதராபாத்துக்குச் சென்ற ஒரு விமானம் ஆந்திராவின் பாபட்லா மாவட்டத்தில் மாட்டிக்கொண்டது.

தில்லி துவாரகையில் ஒரு முன்னாள் விமானப் பொறியாளர் தன் நிலத்தில் ஏர்பஸ் ஏ300 ஒன்றை நிறுத்தினார். அதற்கு ஓர் இறக்கைதான் இருந்தது, வாலிலும் பெரும்பகுதி இல்லை. ஆனாலும் வாழ்நாளில் விமானம் ஏறாதவர்கள் சிறு கட்டணத்தில் அதில் ஏறி, இருக்கைப் பட்டியை மாட்டிக்கொண்டு, பணிப்பெண்களின் அறிவிப்பைக் கேட்டு இறங்கினர்.

சிறிய இடம் உள்ளவருக்குப் போர் விமானமே ஏற்றது. நாட் விமானத்தின் இறக்கை விரிவு 7 மீட்டருக்கும் குறைவு. மிக்-21க்கும் அதைவிடச் சற்றே அதிகம். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விடைபெற்றபின் அதன் எதிர்காலம் பற்றிய ஆர்வம் கூடியிருக்கிறது. ஆனால் படைக்கழிவு விமானங்கள் இங்கே பெரும்பாலும் கல்வி நிறுவனங்களுக்கும் பொது இடங்களுக்குமே தரப்படுகின்றன. தனியார் வீட்டுக்குக் கிடைப்பது அரிது.

பேணுதல்

முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பு. விமானி வெளியேறும் இருக்கையில் வெடிமருந்து இருக்கும். அது அகற்றப்பட்டதா என்று தெரியாமல் எவரையும் அதில் உட்கார வைக்கக் கூடாது. இருளில் ஒளிர்வதற்காகப் பழைய கருவிகளின் முகப்பில் ரேடியம் பூசப்பட்டிருக்கலாம். அவற்றை உடைப்பதோ சுரண்டுவதோ ஆபத்தானது.

அடுத்த பகை ஈரம். அலுமினியத் தகடும் எஃகு ஆணியும் தொடும் இடத்தில் தண்ணீர் தங்கினால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஊரில் தார்ப்பாய் போட்டு மூடினால் போதும் என்று நினைப்பது தவறு. காற்றோட்டம் இல்லாத தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். அடிப்பகுதியில் உள்ள வடிதுளைகளை அடைப்பின்றி வைத்து, மேலே கூரை போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுவது மேல். சக்கரங்கள் நாளடைவில் காற்றிழந்து நசுங்குவதால் எடையைத் தாங்கு கம்பங்களில் ஏற்ற வேண்டும். புயல் காற்றில் இறக்கை தன் இயல்புப்படி மேலெழ முயலும் என்பதால் தரையோடு கட்டியும் வைப்பார்கள். காற்றழுத்தம் அளக்கும் பிட்டோ குழாயில் குளவி கூடு கட்டும். என்ஜின் வாயில் பறவைகள் குடியேறும். அவற்றுக்கு மூடிகள் உண்டு, விமானத்தோடு சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.