களைப்புக்குக் காரணம் தைராய்டுதானா? ரத்தப் பரிசோதனை அறிக்கை சொல்வதும் சொல்லாததும்

புது தில்லி: போதிய அளவு தூங்கியும் தீராத சோர்வு, சிறு வேலைக்கே உடல் அசதி, காரணமின்றிக் கூடும் எடை. இந்தப் புகார்களுடன் மருத்துவரிடம் செல்வோர் பலருக்கு முதலில் எழுதித் தரப்படுவது தைராய்டு ரத்தப் பரிசோதனைதான். அறிக்கையில் ஏதேனும் ஓர் எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தால் "தைராய்டு வந்துவிட்டது" என்று வீடே கலங்குகிறது. எல்லா எண்களும் வரம்புக்குள் இருந்தாலோ "ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று அந்தக் களைப்பே ஒதுக்கித் தள்ளப்படுகிறது.

இரண்டு முடிவுகளுமே தவறாகிவிடக் கூடும். முதலாவது, தேவையில்லாத ஒருவரை ஆயுள் முழுவதும் மாத்திரையுடன் கட்டிப் போடலாம். இரண்டாவது, ரத்தசோகையையோ அதைவிடக் கடுமையான வேறொரு கோளாறையோ கண்டறியும் வாய்ப்பை நழுவவிடலாம். எனவே அந்த ஒற்றைத் தாளில் உள்ள எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதை அறிந்துகொள்வது நோயாளிக்கும் அவசியமாகிறது.

பத்தில் ஒருவர்

தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, ஹைதராபாத், பெங்களூரு, ஆமதாபாத், கோவா ஆகிய எட்டு இடங்களில் 5,376 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2013-ல் வெளியாயின. அவர்களில் 10.95 சதவீதம் பேருக்கு ஹைப்போதைராய்டிசம் எனப்படும் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது. இவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு, பரிசோதனை செய்யும்வரை தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. ஆண்களைவிடப் பெண்களிடமே பாதிப்பு அதிகம் காணப்பட்டது.

அதே ஆய்வில் மேலும் 8.02 சதவீதம் பேர் எல்லைக்கோட்டு நிலையில் இருந்தனர். அதாவது, ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் இயல்பாக இருந்தும், அதைத் தூண்டும் ஹார்மோன் மட்டும் உயர்ந்திருந்தது. குழப்பத்துக்கும் தேவையற்ற மருந்துக்கும் அதிகம் ஆளாவோர் இவர்களே.

காங்ரா தந்த பாடம்

இந்தியாவில் தைராய்டு என்றாலே ஒரு காலத்தில் நினைவுக்கு வந்தது இமயமலை அடிவாரத்து மக்களின் முன்கழுத்துக் கழலைதான். மழையும் வெள்ளமும் மண்ணிலிருந்து அயோடினை அடித்துச் சென்றுவிட்ட பகுதிகள் அவை. இன்றைய இமாசலப் பிரதேசத்தில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி தலைமையில் ஆய்வு தொடங்கியது. பள்ளத்தாக்கு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில், அயோடின் உப்பு உண்டவர்களிடையே கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் தேசிய கழலை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட இதுவே வழிவகுத்தது.

2015-16-ல் நடத்தப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 93 சதவீத வீடுகளில் அயோடின் கலந்த உப்பே இருந்தது. ஆகவே, இன்று நகரங்களில் காணப்படும் சுரப்புக் குறைவுக்கு அயோடின் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்ட முடியாது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தைராய்டு சுரப்பியைத் தாக்கிச் சிதைக்கும் ஹஷிமோட்டோ நோய் இப்போது முக்கியக் காரணமாக உள்ளது. எட்டு இடங்களில் நடந்த ஆய்விலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் தைராய்டுக்கு எதிரான டிபிஓ எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது தெரியவந்தது. இவர்கள் அயோடின் மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்பதால் பயனில்லை. அளவு மிஞ்சினால் சுரப்பியின் வேலை மேலும் கெடவும் கூடும்.

மேஸ்திரியும் வேலையாளும்

கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைராய்டு சுரப்பி, டி4, டி3 என்ற இரு ஹார்மோன்களைச் சுரக்கிறது. இதயத் துடிப்பு, உடல் வெப்பம், செரிமானம், தசைகளின் இயக்கம் ஆகியவற்றின் வேகத்தை இவை நிர்ணயிக்கின்றன. இந்தச் சுரப்பியை வேலை வாங்குவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. அது அனுப்பும் கட்டளையே டிஎஸ்எச்.

வேலையாள் சுணங்கினால் மேஸ்திரி குரலை உயர்த்துவார். வேலை மும்முரமாக நடந்தால் வாயே திறக்க மாட்டார். அதேபோல, தைராய்டு சுரப்பு குறைந்தால் டிஎஸ்எச் ஏறும். சுரப்பு மிகுந்தால் டிஎஸ்எச் இறங்கும். "டிஎஸ்எச் அதிகம் என்றால் தைராய்டு அதிகம்" என்று பலர் எண்ணுவது இதனால்தான் தவறு. டி4 சிறிதளவு குறைந்தாலே டிஎஸ்எச் பல மடங்கு ஏறிவிடும் என்பதால், முதல் சோதனையாக அதையே மருத்துவர்கள் நம்புகின்றனர்.

பெரும்பாலான பரிசோதனைக் கூடங்களில் டிஎஸ்எச்சின் இயல்பு வரம்பு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை என்று குறிக்கப்படுகிறது. கருவிக்குக் கருவி இது சற்று மாறும். எனவே அந்தந்த அறிக்கையில் அச்சிடப்பட்டுள்ள வரம்போடுதான் ஒப்பிட வேண்டும். ஆரோக்கியமாக உள்ளவர்களில் 95 சதவீதம் பேரின் அளவுகளைக் கொண்டே இந்த வரம்பு வகுக்கப்படுகிறது. அப்படியானால் எந்த நோயும் இல்லாதவர்களிலும் 40 பேரில் ஒருவரின் அளவு மேல்வரம்பைத் தாண்டித்தான் இருக்கும். வயது கூடக் கூட டிஎஸ்எச் இயல்பாகவே சற்று உயர்வதும் உண்டு.

அலகு மாறுவதாலும் வீண் பயம் ஏற்படுகிறது. ஒரு கூடத்தில் டி3 அளவு 1.2 என்றும், மற்றொன்றில் 120 என்றும் வரலாம். முன்னது ஒரு மில்லி லிட்டருக்கான நானோகிராம் கணக்கு; பின்னது ஒரு டெசி லிட்டருக்கானது. இரண்டும் ஒரே அளவுதான்.

நான்கு வகை அறிக்கைகள்

மருத்துவர்கள் டிஎஸ்எச்சைத் தனியாகப் பார்ப்பதில்லை. அதனுடன் "ஃப்ரீ டி4" எனப்படும், புரதத்துடன் ஒட்டாமல் ரத்தத்தில் தனித்து நிற்கும் டி4 அளவையும் சேர்த்தே முடிவெடுக்கின்றனர். சலுகை விலைத் தொகுப்புகளில் பெரும்பாலும் அளக்கப்படும் மொத்த டி4, கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை உண்போரிடமும் புரத அளவு கூடுவதால் உயர்ந்து காணப்படும். அது நோய் அல்ல.

முதல் வகை: டிஎஸ்எச் உயர்ந்து, ஃப்ரீ டி4 குறைந்திருப்பது. இது தெளிவான சுரப்புக் குறைவு. சோர்வுடன் குளிர் தாங்காமை, மலச்சிக்கல், வறண்ட தோல், முடி உதிர்தல், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு ஆகியவை இருக்கலாம். இதற்கு மாத்திரை அவசியம்.

இரண்டாம் வகை: டிஎஸ்எச் மட்டும் உயர்ந்து, ஃப்ரீ டி4 இயல்பாக இருப்பது. இதுவே எல்லைக்கோட்டு நிலை.

மூன்றாம் வகை: டிஎஸ்எச் மிகக் குறைந்து, டி4 அல்லது டி3 உயர்ந்திருப்பது. இது மிகைச் சுரப்பு. படபடப்பு, எடைக் குறைவு, கை நடுக்கம் ஆகியவை இதன் வழக்கமான அறிகுறிகள். முதியவர்களிடம் இவை எதுவுமின்றி வெறும் களைப்பாக மட்டுமே வெளிப்படவும் கூடும்.

நான்காம் வகை: ஃப்ரீ டி4 குறைந்திருந்தும், டிஎஸ்எச் உயராமல் இயல்பாகவோ குறைவாகவோ இருப்பது. வேலையாள் சுணங்கியும் மேஸ்திரி பேசாமல் இருக்கிறார் என்றால், கோளாறு மேஸ்திரியிடம்தான். பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதற்கான அறிகுறி இது. டிஎஸ்எச் ஒன்றை மட்டும் சோதித்தால் இந்த நோய் பிடிபடாமலே போய்விடும்.

பிரசவத்தின்போது ஏற்படும் கடும் ரத்தப்போக்கால் பிட்யூட்டரி சுரப்பி செயலிழப்பது ஷீஹன் நோய் எனப்படுகிறது. மருத்துவ வசதி பெருகிய நாடுகளில் அரிதாகிவிட்ட இந்த நோய் இந்தியாவில் இன்னும் காணப்படுகிறது. காஷ்மீர் பள்ளத்தாக்கில் பிள்ளை பெற்ற பெண்களிடையே நடத்தப்பட்டு 2005-ல் வெளியான ஆய்வு, இது நினைத்ததைவிடப் பரவலாக இருப்பதைக் காட்டியது. பிரசவத்துக்குப் பின் தாய்ப்பால் சுரக்கவில்லை, மாதவிடாய் திரும்பவில்லை, ஆண்டுக்கணக்கில் களைப்பு நீங்கவில்லை என்று ஒரு பெண் கூறினால், டிஎஸ்எச் இயல்பு என்பதைக் கொண்டு அவரைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

மாத்திரை எப்போது?

எல்லைக்கோட்டு நிலையில் உள்ளவர்கள் உடனடியாக மாத்திரை தொடங்க வேண்டியதில்லை. இரண்டு அல்லது மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதித்துப் பார்ப்பதே முறை. மறுசோதனையில் பலருக்கு அளவு தானாகவே இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. டிஎஸ்எச் தொடர்ந்து 10-க்கு மேல் இருந்தால் பொதுவாகச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. அதற்குக் கீழே இருந்தால் வயது, அறிகுறிகள், டிபிஓ எதிர்ப்பொருள், இதய நிலை ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்யப்படுகிறது.

மாத்திரை உண்டால் களைப்பு நீங்கிவிடுமா? ஐரோப்பாவில் இத்தகைய எல்லைக்கோட்டு நிலையில் இருந்த, 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. பாதிப் பேருக்குத் தைராக்சின் மாத்திரையும், மற்றவர்களுக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. ஓராண்டில் மருந்து உண்டவர்களின் டிஎஸ்எச் எண் இறங்கியது. ஆனால், களைப்பில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. அளவுக்கு மீறிய தைராக்சின், முதியவர்களுக்கு இதயத் துடிப்பில் ஒழுங்கின்மையையும் எலும்புத் தேய்மானத்தையும் உண்டாக்கும் அபாயமும் உள்ளது.

இதற்கு முக்கிய விதிவிலக்கு கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயலும் பெண்களும் ஆவர். கருவில் உள்ள சிசு முதல் சில மாதங்களுக்குத் தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. மூளை வளர்ச்சிக்கு அது இன்றியமையாதது. ஏற்கெனவே மாத்திரை உண்ணும் பெண் கருவுற்றால், பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். கர்ப்பம் உறுதியானதும் தாமதமின்றி மருத்துவரை அணுகுவது அவசியம்.

எண்கள் சரி, களைப்பு தீரவில்லை

தைராய்டு இயல்பாக இருந்தால் தேடலை அத்துடன் நிறுத்திவிடக் கூடாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது. ஆண்களிலும் நால்வரில் ஒருவருக்கு அது உண்டு. நாட்டில் களைப்புக்குக் காரணம் தேடும்போது தைராய்டுக்கு முன்பாகவே ஹீமோகுளோபினைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த எண்களே போதுமானவை.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்புச் சத்துக் கையிருப்பு வற்றியிருக்கலாம். அதை ஃபெரிட்டின் சோதனை காட்டும். சைவ உணவு உண்போரிடம் வைட்டமின் பி12 குறைவு அதிகம் காணப்படுகிறது. சர்க்கரை நோய், காசநோய், சிறுநீரகக் கோளாறு, குறட்டையுடன் மூச்சு தடைப்படும் தூக்கக் குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் களைப்பாகவே தலைகாட்டும். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு.

பரிசோதனைக்குச் செல்லும் முன்

டிஎஸ்எச் அளவு இரவிலும் அதிகாலையிலும் கூடி, பிற்பகலில் குறையும். முந்தைய அறிக்கையோடு ஒப்பிட வேண்டுமானால் ஒரே நேரத்தில், கூடுமானவரை ஒரே கூடத்தில் ரத்தம் கொடுப்பது நல்லது. முடி வளர்ச்சிக்காக விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகள் சில வகைச் சோதனைகளைத் தடுமாறச் செய்து, இல்லாத மிகைச் சுரப்பை இருப்பதாகக் காட்டும். அவற்றைக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். காய்ச்சலோ கடும் நோயோ இருக்கும்போது எடுக்கப்படும் தைராய்டு அறிக்கையும் நம்பத்தக்கதல்ல. தைராக்சின் உண்போர், ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையை உண்ணலாம்.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பி, தேநீர், சிற்றுண்டி உட்கொள்ள வேண்டும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. இவற்றைச் சேர்த்து உண்பதால் மருந்து உடலில் சேராமல் போக, டிஎஸ்எச் இறங்கவில்லை என்று அளவை மேலும் கூட்டும் நிலை ஏற்படுகிறது. மாத்திரை அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பிறகே மறுசோதனை செய்ய வேண்டும். அதற்கு முன் கிடைக்கும் எண், பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் இடைப்பட்ட ஒன்றாகவே இருக்கும்.

பழைய அறிக்கைகளைத் தேதி வாரியாகக் கோப்பில் வைத்திருந்து, உண்ணும் எல்லா மாத்திரைகளின் பட்டியலுடன் மருத்துவரிடம் காட்டுவது பயன் தரும். ஒரே ஓர் அறிக்கையைவிட, சில மாத இடைவெளியில் எடுக்கப்பட்ட இரண்டு அறிக்கைகள் தெளிவான பதிலைத் தருகின்றன. டிஎஸ்எச் சற்றே உயர்ந்துள்ளது என்பதற்காக மாத்திரையைத் தொடங்குவதும், எண் இறங்கிவிட்டது என்பதற்காகத் தாமாகவே நிறுத்துவதும் மருத்துவரின் ஆலோசனையின்றிச் செய்யத்தக்கவை அல்ல.