நூறிலொரு செக்கனுக்குச் சாட்சி

சனிக்கிழமை விடியற்காலை, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியொன்றின் எலிவேற்றரில் எமது அயலவர் ஒருவரைச் சந்தித்தோம். முந்தைய இரவு உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு நள்ளிரவு கடந்து வீடு திரும்பியவர் அவர். தூய வெள்ளைச் சட்டை அணிந்து, கழுத்தில் நிறுத்தற் கடிகாரமொன்றைத் தொங்கவிட்டிருந்தார். எங்கே புறப்பாடு என வினவினோம்.

"பிள்ளையின்ரை நீச்சல் போட்டிக்கு நேரம் எடுக்கப் போறன், சேர்."

"உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

"இல்லை. நேரம் எடுக்கிறதுக்கு அது தேவையில்லையாம்."

அவர் கூறியது முற்றிலும் உண்மை. நீச்சல் தடாகத்தின் கரையில் நிற்கும் நேரக்கணிப்பாளர்களும், திரும்புதலைக் கண்காணிப்போரும், மத்தியஸ்தர்களும் இந்நாட்டில் ஊதியம் பெறாத தொண்டர்களே. எட்டுப் பாதைகள் கொண்ட தடாகமொன்றில் பாதைக்கு மூவர் கடிகாரம் பிடிப்பதாயின், நேரம் எடுப்பதற்கு மாத்திரம் இருபத்துநால்வர் வேண்டும். இவர்களுட் பெரும்பாலோர் போட்டியாளரின் பெற்றோர்.

கனடிய நீச்சற் சம்மேளனம் இத்தொண்டர்களை ஐந்து படிநிலைகளில் பயிற்றுவிக்கின்றது. முதற் படியில் நேரக்கணிப்பும் பாதுகாப்புக் கண்காணிப்பும் கற்பிக்கப்படுகின்றன. பாடம் எளிது, ஒழுங்கு கடிது. தொடக்க ஒலியைக் கேட்டு அன்று, அதனுடன் மின்னும் ஒளியைக் கண்டே கடிகாரத்தை முடுக்குதல் வேண்டும். ஏனெனில் ஒளி ஒலியை முந்துவது. போட்டியாளர் கரையை அணுகுகையில் விளிம்பிற்கு வந்து குனிந்து, அவர் சுவரைத் தொடும் கணத்தைத் தம் கண்ணால் காணவேண்டும். அயற் பாதையை நோக்கலாகாது. மூன்று கடிகாரங்களுள் இரண்டு ஒத்திருப்பின் அந்நேரமே ஏற்கப்படும். மூன்றும் வேறுபடின் நடுவிலுள்ளது ஏற்கப்படும். கடிகாரம் ஓடத் தவறினால் உடனே கையை உயர்த்தித் தெரிவித்தல் வேண்டும். பிரதம நேரக்கணிப்பாளர் தம்மிடம் ஓடிக்கொண்டிருக்கும் மேலதிகக் கடிகாரத்தைத் தந்துவிடுவார். தவறியதை மறைப்பதே இங்கு பெரும் பிழை.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு? 1960 இல் ரோம் ஒலிம்பிக்கில் நூறு மீற்றர் நீச்சலில் அவுஸ்திரேலியரான ஜோன் டெவிற்றும் அமெரிக்கரான லான்ஸ் லார்சனும் ஏறத்தாழ ஒருங்கே சுவரைத் தொட்டனர். டெவிற்றின் மூன்று கடிகாரங்களும் 55.2 செக்கன் காட்டின. லார்சனுடையவை 55.0, 55.1, 55.1 எனக் காட்டின. ஆயினும் முடிவிட நடுவர்களின் கண்கள் பிளவுபட்டன. தங்கப் பதக்கம் டெவிற்றுக்கே வழங்கப்பட்டது. அந்தச் சர்ச்சை இன்றுவரை பேசப்படுகின்றது. ஏழாண்டுகளின் பின், 1967 இல், இதே கனடாவின் வினிபெக் நகரில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டு விழாவிலே மின் தொடுபலகைகள் பயன்படுத்தப்பட்டன. எனினும் பலகை சில வேளை உணரத் தவறும். அப்போது கரையில் நிற்பவரின் கடிகாரமே கைகொடுக்கும்.

2015 யூலையில் அதே விழா ரொறன்ரோவுக்கு வந்தது. ஓகஸ்ற்றில் மாற்றுத்திறனாளிகளுக்கான விழா தொடர்ந்தது. ஏறத்தாழ 23,000 தொண்டர்கள் சேவையாற்றினர். நீச்சலும் நீர்ப்பாய்ச்சலும் எம்மவர் செறிந்து வாழும் ஸ்காபரோவில், பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி எழுந்த புதிய தடாகங்களில் நடைபெற்றன. பார்வையற்ற நீச்சல் வீரர் சுவரை அணுகுகையில், நுனியில் மென்பஞ்சு பொருத்திய கோலால் அவரது உடலை மெல்லத் தட்டி உணர்த்துவதற்கென ஒருவர் கரையில் நிற்பார். கணம் பிந்தினால் வீரரின் தலை சுவரில் மோதும். நம்பிக்கை என்ற சொல்லின் பொருளை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது. விழா முடிந்தபின்னும் அத்தடாகங்கள் ஓயவில்லை. 2016, 2021, 2024 ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் தெரிவுப் போட்டிகள் அங்கேயே நடந்தன.

நீச்சல் எமக்குப் புதிதன்று. வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன் 1971 இல் பாக்கு நீரிணையை இரு திசையும் நீந்திக் கடந்ததையும், 1984 இல் ஆங்கிலக் கால்வாயில் உயிர்நீத்ததையும் அறியாதார் எம்மவருள் அரியர். ஆயினும் நெடுந்தூர நீச்சலில் உடன்செல்லும் படகிலிருந்து நேரம் குறிப்போர் இல்லையேல் எந்தச் சாதனையும் ஏடேறாது என்பதை நாம் நினைப்பதில்லை. 1986 இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிரண்டில் தத்தளித்த எம்மவர் 155 பேரை மீட்டவர்களும், அன்று தற்செயலாக அவ்வழி வந்த மீனவர்களே. நீரின் விளிம்பில் நிற்பவனின் மதிப்பை எம்மைவிட நன்கறிந்தவர் யார்?

இதில் எம்மை ஆழமாகத் தொடும் செய்தி வேறொன்றுண்டு. எம்மவரிற் பலர் இந்நாட்டில் முதன்முதலாக வாய்திறந்தது விசாரணை அறையொன்றிலே. எந்தத் திகதியில் புறப்பட்டீர், எவ்வழி வந்தீர், இரண்டு பத்திரங்களில் இரண்டு திகதிகள் இருப்பதேன் என்ற கேள்விகளின் முன்னே எமது சொல் எடைபோடப்பட்டது, ஐயுறவும் பட்டது. எமது பட்டங்களும் அவ்வாறே. விரிவுரை மண்டபத்தை விட்டுவந்த நாமும் 'கனடிய அனுபவம் உண்டா' என்ற வினாவுக்கு விடையின்றித் திரும்பியதுண்டு. தடாகக் கரையிலோ அதே மனிதர் காகிதத்தில் எழுதும் இலக்கம், பிறர் பிள்ளையொன்றின் முயற்சிக்குச் சான்றாகின்றது. அவரது ஆங்கிலத்தை எவரும் அளப்பதில்லை. அவர் கண்டதை ஏற்கின்றனர்.

இதை மிகைப்படுத்தவும் நாம் விரும்பவில்லை. தொண்டு வாடகையைச் செலுத்தாது. இரண்டு வேலை செய்யும் தாய்க்குச் சனிக்கிழமை ஓய்வுநாளன்று. கழகக் கட்டணம் பல குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் உள்ளது. ஆனால் ஷேர்போர்ன் வீதியிலுள்ள வெலஸ்லி சமூக நிலையத்தில் இன்று நீச்சல் தடாகம் உண்டு. 2012 இல் திறக்கப்பட்ட றீஜென்ற் பார்க் தடாகமும் தொலைவிலில்லை. பிள்ளையை நீந்தக் கொண்டுபோகும் பெற்றோர் பார்வையாளர் வாங்கிலேயே அமர்ந்திருக்க வேண்டியதில்லை. ஒன்ராறியோவில் உயர்தரப் பாடசாலைச் சான்றிதழுக்கு நாற்பது மணித்தியாலச் சமூகசேவை கட்டாயம் என்பதால், வளர்ந்த பிள்ளைகளும் தொண்டிடம் தேடியாக வேண்டும். தந்தையும் மகளும் ஒரே கரையில் நிற்பது நல்ல தொடக்கமே.

அன்று மாலை அயலவரை மீண்டும் கண்டோம். வெள்ளைச் சட்டை நனைந்திருந்தது. போட்டி எப்படி என்றோம்.

"ஒருக்கால் கடிகாரம் ஓடேல்லை, சேர். கையை உயர்த்திச் சொன்னன். ஒருத்தரும் ஏசேல்லை, வேறை ஒண்டு தந்தவை."

சற்று நேரம் மௌனமாக நின்றுவிட்டு, இரவு வேலைக்கு ஆயத்தமாவதற்காக மேலே சென்றார்.