எழுந்து நிற்கும் தரை

சென்னைப் புறநகரில் அடுக்ககம் ஒன்றில் குடியிருக்கும் வாசகி எழுதியிருக்கிறார்: மார்கழியில் ஒருநாள் நள்ளிரவு, கூடத்தில் ‘படார்’ என்று சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் இரண்டு டைல்ஸ் தரையை விட்டுக் கிளம்பி, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. வீட்டுக்காரர் நிலநடுக்கம் என்றாராம். எதிர்வீட்டு அம்மாள் வாஸ்துக் கோளாறு என்றாராம். எது சரி என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை. பீங்கான் டைல்ஸின் பெரிய நல்ல குணம்தான் இதற்குக் காரணம்.

கடையில் ‘விட்ரிஃபைடு’ என்று விற்கப்படும் தரை டைல்ஸ், நுண்ணிய களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார் தூளைக் கலந்து அழுத்தி, ஏறத்தாழ 1,200 டிகிரி வெப்பத்தில் சுடப்படுவது. அந்தச் சூட்டில் உள்ளுக்குள் பாதி கண்ணாடியாகிவிடும். நுண்துளைகள் அடைபட்டுப்போகும். அதனால் தன் எடையில் 0.5 சதவீதத் தண்ணீரைக்கூட அது குடிக்காது. சுவரில் ஒட்டும் சாதாரண செராமிக் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேல் குடிக்கும். கடையில் சந்தேகம் வந்தால் டைல்ஸைத் திருப்பிப் போட்டு, முதுகில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் அது வேறு சாதி.

தண்ணீர் இறங்காத இடத்தில் சிமெண்ட் பாலும் இறங்காது. பழைய செங்கல் ஓட்டையும் சிவப்புத் தரை ஓட்டையும் சாந்தில் பதித்த அதே முறையில் இதையும் பதித்தால், சாந்து பிடித்த மாதிரி இருக்கும், பிடித்திருக்காது. விரல்முட்டியால் தட்டினால் பொள்ளலாகக் கேட்கும். அப்படியும் பல வருடம் சும்மா கிடக்கும், தன் எடையிலேயே.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. டைல்ஸ் அசையாது; அடியில் இருக்கும் கான்கிரீட் தளம் அசையும். புதுக் கான்கிரீட் ஈரம் காயக் காய வருடக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். குளிர்ந்தாலும் அது டைல்ஸைவிட அதிகமாகச் சுருங்கும். மேலே அவ்வளவாகச் சுருங்காத டைல்ஸ், கீழே சுருங்கும் தளம். நெருக்கடி முழுவதும் டைல்ஸுக்குத்தான். நான் கல்லூரிக்குப் போன டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் இடித்து உட்காரும்போது நடுவில் இருப்பவர் தானாக மேலே எழும்புவார். டைல்ஸும் அப்படித்தான்: கீழே போக வழியில்லை, பக்கவாட்டிலும் இடமில்லை.

எவ்வளவு எழும்பும் என்பதுதான் வேடிக்கை. இரண்டடி டைல்ஸ் இரண்டை அடுத்தடுத்து வையுங்கள். மொத்தம் 1,200 மில்லிமீட்டர். இருபுறமிருந்தும் நெருக்கி அந்த நீளத்தை ஒரே ஒரு மில்லிமீட்டர் குறையுங்கள். நடுமூட்டு எவ்வளவு உயரும்? பள்ளிக்கூடத்துப் பிதாகரஸைக் கூப்பிட்டால் போதும்: சுமார் 24 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் அங்குலம்! நகக்கண் கனம் சுருங்கினால் கால் இடறும் அளவுக்குத் தரை எழுகிறது. பழுது பார்க்க வருபவர் அதே டைல்ஸை அதே இடத்தில் உட்காரவைக்கப் பார்ப்பார்; உட்காராது. அக்கம்பக்கத்து டைல்ஸ் அந்த ஒரு மில்லிமீட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே எழும்பியதை மிதித்து அமுக்காதீர்கள். சுற்றியுள்ளவற்றையும் தட்டிப் பார்த்து, பொள்ளலானவற்றை எடுத்துவிட்டு, ‘ஐ.எஸ். 15477’ என்று அச்சிட்ட டைல்ஸ் பசையால், பல் வைத்த கரணை கொண்டு முதுகு முழுக்கப் பசை படும்படி ஒட்டச் சொல்லுங்கள். நாலு மூலையில் நாலு உருண்டை வைத்து அமுக்குவது ஒட்டுவது ஆகாது. டைல்ஸுக்கு நடுவே 2 மில்லிமீட்டராவது சந்து வேண்டும். சுவரோரம் சுற்றிலும் அதைவிடப் பெரிய இடைவெளி வேண்டும். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். ‘ஜாயின்ட் தெரியாமப் போட்டுக் கொடுங்க’ என்று நாம்தான் கேட்கிறோம். கொத்தனாரும் தலையாட்டிவிட்டு நெருக்கிப் போட்டுவிட்டுப் போகிறார். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வந்த டைல்ஸுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கொடுப்பவர்கள், பசை மூட்டைக்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு விளங்கவே இல்லை.

பளபளப்பு மோகமும் அப்படித்தான். பாலிஷ் போடும்போது மேல்தோல் உரிந்து, உள்ளே மூடியிருந்த நுண்துளைகள் வாய் திறக்கும். மஞ்சளும் மையும் அங்கேதான் குடியேறும். முகம் தெரியும் டைல்ஸைக் குளியலறையில் போட்டு வயதான பெற்றோரை அதன் மேல் நடக்கவிடுவதற்கு மன்னிப்பே கிடையாது. அங்கே சொரசொரப்பானதை வாங்குங்கள், அழுக்கு கொஞ்சம் ஒட்டினாலும் சரி.

அழுக்கு என்றதும் ஆசிட். உப்புத் தண்ணீர் ஊர்களில் வாரம் தவறாமல் ஊற்றுகிறார்கள். பீங்கானை அது ஒன்றும் செய்யாது. சந்தில் இருக்கும் சிமெண்டைத் தின்றுவிடும். அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் கறை எழுதும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வெள்ளை உப்புப் படிவுக்கு எலுமிச்சை உப்பைக் கரைத்துச் சிறிது நேரம் ஊறவிட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். எவர்சில்வர் குடத்தை இழுத்ததில் விழுந்த சாம்பல் கோடுகளைக் கீறல் என்று நினைத்து வருந்தவும் வேண்டாம். பெரும்பாலும் அது பீங்கானின் காயமல்ல, அதன் மேல் ஒட்டிய உலோகம்.

இந்த மாதம் டைல்ஸ் போடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரோர இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று ஸ்கர்ட்டிங் ஒட்டும் முன் நீங்களே குனிந்து பாருங்கள். ஒட்டிய பிறகு பார்க்க வழியில்லை.